ஹிந்திக் கதைகாரர் அரியரத்தினம்

பூமி உருண்டை என்று கண்டுபிடித்தவருக்குப் பிறகு மனித குலத்துக்கு இவ்வளவு பெரிய சேவை செய்த ஒரே ஆள் என் மாமா அரியரத்தினம்தான். ஹிந்தி இலக்கியம் அவருடைய தோளில்தான் நிற்கிறது. இந்தியாவுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர் பிறப்பதற்குப் பதினெட்டு வருடங்களுக்கு முன்பே அது கிடைத்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். இப்படி ஒருவர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு வெள்ளைக்காரன் முன்கூட்டியே ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முகம் தபால் முத்திரையில்கூட இருக்கிறது. நான் என் கண்ணால் பார்த்தேன். அச்சடித்ததும் நான்தான் என்பது வேறு விஷயம்.

இது மாமாவின் மணிவிழா மலர். அவருக்கு அறுபது வயது. வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலையை சிவமலர் மாமி என் தலையில் கட்டினார். மாமா என் அம்மாவின் தமையன். பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்ட பிறகு நான் மாமா வீட்டிலேயே இருக்கிறேன். பத்து வயதில் ஊரிலிருந்து வந்தவன் என்பதால், அந்த வீட்டு இளசுகளில் தமிழில் தட்டச்சு செய்யக்கூடியவன் நான் ஒருவன்தான். முதலில் நான் எழுதியது இப்படி: 'யாழ். சுதுமலையைப் பிறப்பிடமாகவும் கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட...' மாமா அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு, தான் எப்போது செத்தது என்று கேட்டார். மரண அறிவித்தலைத் தவிர வேறெதிலும் நான் இந்த மாதிரி வசனம் பார்த்ததில்லை. அதற்கு நான் என்ன செய்ய? ஆகவே அந்த வசனம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாமாவுக்கு விமான நிலையம் இருக்கும் டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய சமையல்கூடம். அங்கே சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டிகளை லொறியில் ஏற்றுவார். இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை. கூட வேலை செய்பவர்கள் பஞ்சாபிகளும் ஹிந்திக்காரரும். ஆகவே மாமாவுக்கு ஹிந்தி தெரியும். எப்படித் தெரியும் என்றால், தூக்கு, வை, தள்ளு, கெதியாகச் செய், விலகு, விழப்போகிறது. இவ்வளவுதான். முழுக்க முழுக்கக் கட்டளை. மாமாவின் ஹிந்தியில் 'தயவுசெய்து' கிடையாது, இறந்த காலம் கிடையாது, பெண்பால் கிடையாது. ஆனால் அவர் கதைக்கும்போது பார்க்க வேண்டும். பிரதமர் மாதிரி இருக்கும். பார்க் மெட்ரோ வாசலில் ஒரு எல் சல்வடோர்காரரிடம் ஹிந்தியில் வழி கேட்டார். அந்த மனிதர் பயந்துபோய் ஸ்பானிய மொழியில் வழி சொன்னார். மாமா நன்றி சொல்லிவிட்டு அந்த வழியே போய்த் தொலைந்தார். மாமி என்னைத்தான் தேட அனுப்பினார்.

அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய 'ஓம்'. நாங்கள் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாமா கேள்வி முடியும் முன்பே ஓம் என்பார். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். தொலைபேசியில் யாரோ பிரெஞ்சில் ஏதோ விற்றால் அதற்கும் ஓம். அப்படி ஓம் சொன்னதால் எங்கள் வீட்டுக்கு இரண்டு இணைய இணைப்பு வந்தது. பல்கனியை மூடக் கண்ணாடி போட ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் வீட்டில் பல்கனியே இல்லை. ஏன் மாமா ஓம் சொன்னீர்கள் என்று கேட்டால், அவன் பாவம் இவ்வளவு நேரம் கதைத்தான், எப்படி இல்லை என்பது என்பார். இந்த மனிதரோடு ஒரு கூரையின் கீழ் இருந்து பாருங்கள், தெரியும்.

இனிச் சொல்லப்போகும் கதைக்கு முன் அவர் ஒரே ஒரு தடவைதான் வாழ்க்கையில் 'இல்லை' என்று சொன்னார். அது மைக்ரோவேவ் விஷயம். வேலைத்தலத்துச் சாப்பாட்டறையில் மீன்குழம்பு சூடாக்கக் கூடாது, மணக்கிறது என்று மேலாளர் ஒரு தாளில் எழுதி மைக்ரோவேவில் ஒட்டினார். மாமா அன்று பாரைமீன் குழம்பு கொண்டுபோயிருந்தார். சூடாக்காமல் சாப்பிட மாட்டேன், சாப்பிடாமல் வண்டி தள்ள மாட்டேன் என்று சாப்பாட்டறைக்குள்ளேயே இருந்துவிட்டார். கூட வேலை செய்யும் ஹிந்திக்காரரும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் இருந்தார்கள். ஒரு விமானம் சாப்பாடு ஏறாமல் காத்து நின்றதாம். பொழுதுபட முன்பு மேலாளர் தானே போய் மீனுக்கென்று இரண்டாவது மைக்ரோவேவ் வாங்கி வந்தார். வீரமெல்லாம் இல்லை, தனக்குப் பசி என்று மாமா சொல்வார். ஆனால் அந்த இரண்டாவது மைக்ரோவேவுக்கு இன்றும் 'அரி பாய்' என்றுதான் பெயர்.

இந்த மூன்றையும், அதாவது ஹிந்தி, ஓம், மீன்குழம்பு ஆகியவற்றை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனித்தான் தலையிடி.

மாமாவின் ஒரே மகள் அஜந்தா மச்சாள் கூட வேலை செய்யும் ஒரு பொடியனை விரும்பினார். பெயர் நிகில் திவாரி. ஹிந்திக் குடும்பம், வீடு மொன்றியலின் மேற்கு ஓரத்தில், எங்களுக்கு வெகு தூரத்தில், டி.டி.ஓ. பக்கம். நல்ல பொடியன், மாமி வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் தரம் கேட்டவன். வீதியெல்லாம் பனி கரைந்து சேறாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய அப்பாவும் அம்மாவும் முறைப்படி பெண் கேட்க வந்தார்கள். நிகிலும் மச்சாளும் அன்று வரவில்லை, பெரியவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் முதல் பிழை. மொழிபெயர்க்கவென்று திவாரி அம்மா தன் தோழி ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். தாட்சாயினி என்று பெயர். சென்னையிலிருந்து மொன்றியலுக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. தமிழும் ஹிந்தியும் சரளம். யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் அவர் அதுவரை காதால் கேட்டதில்லை. அது இரண்டாவது பிழை.

அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் படத்தைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போலத் தூக்கி வந்தார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரேயொரு இந்திய முத்திரை. ஐந்து ரூபாய். அதில் வட்டக் கண்ணாடியும் தொங்கு மீசையுமாக ஒரு மனிதர், யாரோ கடன் கேட்டது போன்ற பார்வை. திவாரி அய்யாவின் தாத்தா அவர். ஹிந்தி எழுத்தாளர். கதைகள், கட்டுரைகள் எழுதி, பத்திரிகை நடத்தி, வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காக நாலு தரம் சிறை போனவர். அதற்காக இந்திய அரசாங்கம் அவருக்கு முத்திரை வெளியிட்டிருக்கிறது. பரம்பரையைச் சொல்லிப் பெண் கேட்பது அவர்கள் வழக்கம். சொல்லட்டும், நல்லதுதான்.

மாமா படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது இப்போதும் கடிதத்தில் ஒட்டச் செல்லுமா என்று என்னிடம் கேட்டார். நான் பலகாரத் தட்டோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திவாரி அய்யா 'தாதாஜி, தாதாஜி' என்று சொல்லிக்கொண்டே போனார். மாமாவின் முகம் மாறியது. மெல்ல மாமியின் காதுப் பக்கம் சரிந்தார்.

"தாதாவாம். நாலு தரம் உள்ளை இருந்தவனாம். அதைப் படம் போட்டுக் கொண்டும் வந்திருக்கினம். இவையளுக்கோ பிள்ளையைக் குடுக்கிறது?"

தாட்சாயினி அன்ரிக்கு அது கேட்டுவிட்டது. தாதா என்றால் ஹிந்தியில் அப்பாவின் அப்பா என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். மாமா 'ஓம்' என்றார். உடனே திவாரி அம்மா கண்ணை மூடிக் கை கூப்பினார். அதற்குப் பிறகு அவர்கள் எதைச் சொன்னாலும் மாமா ஓம் என்றார், அந்த அம்மா ஒவ்வொரு ஓமுக்கும் கும்பிட்டார். பேச்சுக்குப் பேச்சு பிரணவம் சொல்லும் இப்படியொரு பக்திமானைத் தான் கண்டதே இல்லை என்று தாட்சாயினியிடம் ஹிந்தியில் சொன்னாராம். மாமா கோயிலுக்குப் போவதே பொங்கல் சாப்பிடத்தான்.

மாமியால் இந்த முத்திரையைப் பொறுக்க முடியவில்லை. நாலு தலைமுறையாக எங்கள் பக்கத்தில் முத்திரையை நக்கி ஒட்டியவர்கள் மட்டும்தான். மாமி தேநீரைக் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்தது.

"முத்திரை எண்டால் பெரிய விசயந்தான், நான் இல்லை எண்டேல்லை," என்றார் தாட்சாயினியிடம். "ஆனா இவரும் லேசுப்பட்ட ஆளில்லை. இருவது வரியமா முழுக்க ஹிந்திக் கதைதான்."

"ஹிந்திக் கதையா? சாரா?"

"ஓம். வேலைக்குப் போனாலும் ஹிந்திக் கதை, வீட்டை வந்தாலும் ஃபோனிலை ஹிந்திக் கதை. எங்களுக்கு ஒண்டும் விளங்காது."

"அடேயப்பா. புக் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லை. முதல்லை எழுத்து முடியட்டும், பேந்து மற்றதைப் பாப்பம்."

மண்டபத்தில் இதை வாசிக்கும் இந்தியத் தமிழருக்காகச் சொல்கிறேன். எங்கள் தமிழில் கதை என்றால் பேச்சு, கதைப்பது என்றால் பேசுவது. எழுத்து என்றால் கலியாணப் பதிவு. பிள்ளைகள் ஏற்கெனவே சித்திரையில் வைக்க நினைத்திருந்த எழுத்தைத்தான் மாமி சொன்னார். 'புக்' என்று அந்த அன்ரி கேட்டது புத்தகத்தை, மாமிக்குக் காதில் விழுந்தது கலியாண மண்டபம். மாமி பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் எரிச்சல்.

தாட்சாயினி அன்ரி வாய் பிளந்து அதை அப்படியே ஹிந்தியில் திருப்பினார். திவாரி அய்யா மாமாவைப் பார்த்து ஏதோ கேட்டார். மாமா ஓம் என்றார். மாமிக்கு அதுவும் காணாது.

"நாலு தரம் இல்லாட்டியும், இவரும் ஒருக்கா உள்ளை இருந்தவர்தான். எங்கடை ஆக்களின்ரை சுதந்திரத்துக்கு."

மீன் சாப்பிடும் சுதந்திரம் என்று மாமி முடிப்பதற்குள் தேநீர் கேத்தில் கத்தியது. அவர் எழுந்து போய்விட்டார். நான் அங்கேதான் நின்றேன். பலகாரத் தட்டில் ஒரு முறுக்கு மிச்சம் இருந்தது. வாயில் முறுக்கு இருக்கும்போது கதைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்.

அடுத்த கிழமையே ஜான்-டலோன் வீதியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் மாமாவின் முத்திரையை அடித்துவிட்டேன். மருத்துவக் காப்புறுதி அட்டையில் இருந்த படம். அந்தப் படத்தில் எல்லோருமே பிடிபட்ட கள்ளர் மாதிரித்தான் இருப்பார்கள். மாமா அதிலும் ஒரு படி மேல். சுற்றிவரப் பல் விளிம்பு, மூலையில் ஐந்து ரூபாய், கீழே 'ஹிந்திக் கதைகாரர்'. மாமாவின் சாப்பாட்டுப் பையில் ஒன்று, தலைக்கவசத்தில் ஒன்று. அரி பாய் மைக்ரோவேவில் மாமாவே தெரியாமல் தன் கையாலேயே ஒட்டியது ஒன்று. பையில் ஒட்டியிருந்தது கழன்று கையில் வர, அதை எங்கேயாவது ஒட்டத்தானே வேண்டும் என்றாராம்.

இது வரைக்கும் சிரிப்பு. பிறகு அட்டை வந்தது.

எழுத்து முடிந்த பிறகு கொடுக்கும் சாப்பாட்டுச் செலவு திவாரி வீட்டாருடையது. அதற்கு அவர்கள் அழைப்பு அட்டை அடித்திருந்தார்கள். யாருக்கும் சொல்லாமல் ஓர் ஆச்சரியம் வைத்திருந்தார் திவாரி அம்மா. நிகிலுக்குக்கூடத் தெரியாது. அட்டையில் இந்தப் பக்கம் தாதாஜி, அந்தப் பக்கம் மாமா. 'ஹிந்திக் கதாசிரியரும் விடுதலைப் போராளியுமான திரு அரியரத்தினம் அவர்களுக்குப் பொன்னாடை. அவர் ஹிந்தியில் உரையாற்றுவார்.' ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் அச்சிட்டு, அவர்களுடைய சொந்தக்காரர், ஹிந்திச் சங்கத்தார் என்று நூறு பேருக்கு ஏற்கெனவே அனுப்பியாயிற்று.

அஜந்தா மச்சாள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அதை வாசித்துக் காட்டினார். மாமா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எழுத்தாளர் என்பது அவருக்குப் பெரிதில்லை. மற்றச் சொல்தான். முப்பது வருடத்துக்கு முன், இதே நகரத்தில், அகதி விசாரணையில், தான் எந்த இயக்கத்திலும் ஒரு நாளும் இருந்ததில்லை என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்துதான் இந்த நாட்டில் இருக்க இடம் வாங்கினார். இப்போது நூறு அட்டையில் விடுதலைப் போராளி. பொலிஸ் வருமோ என்று என்னிடம் கேட்டார். நான் பகிடி விட நினைத்தேன். அவர் அட்டையை வாங்கி மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். விடவில்லை.

மாமி தன் பங்குக்கு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு சின்னக் கதையாக எழுதி வாசித்துவிடுங்கோ, ஒரு பக்கம் போதும் என்றார். ஹிந்தியில் 'தள்ளு', 'தூக்கு' மட்டும் வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? மச்சாள் இப்போதே நிகிலின் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்கிறேன் என்றார். மாமா வேண்டாம் என்றார். வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

"ஒருத்தரும் ஃபோன் எடுக்கக் கூடாது. ஓம் எண்டு சொன்னது நான். என்ரை வாயாலை வந்தது, என்ரை வாயாலைதான் போகோணும்."

"நூறு பேருக்கு முன்னாலையோ அப்பா? அட்டை அடிச்சது அவ. எல்லாருக்கும் முன்னாலை அவவின்ரை முகம் கறுத்தால், நான் அந்த வீட்டிலை என்னெண்டு இருக்கிறது?"

மாமா மச்சாளைப் பார்த்தார். ஓம் என்று சொல்லவில்லை. எழும்பி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர்ச் சத்தத்தோடு ஹிந்தி கேட்டது.

அதற்குப் பிறகு எழுத்து நாள் வரைக்கும் அந்த வீட்டில் மனிதர் இருக்க முடியவில்லை. மாமா கூட வேலை செய்யும் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, குளியலறைக்குள் இருந்து, 'நான் இல்லை' என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று கேட்பார். பிறகு அதையே திருப்பித் திருப்பி முணுமுணுப்பார். அந்த நேரத்தில் யாரும் உள்ளே போக முடியாது. நான் சந்தியில் இருக்கும் தெப்பனர் கடையில் போய் ஒதுங்கவேண்டி வந்தது. மச்சாள் சாப்பிடவில்லை. மாமி சமைத்துச் சமைத்துக் குப்பையில் போட்டார். எழுத்துக்கு முந்தின சனிக்கிழமை மாமி கத்தரிக்காய் வாங்க என்னை ஜான்-டலோன் சந்தைக்கு அனுப்பினார். வழியில் தாமதமாகிவிட்டது. பொழுதுபட வெறுங்கையோடு வந்தேன். கத்தரிக்காய் இல்லையாம். அதற்கு வாங்கிய ஏச்சு தனி.

எழுத்து ஞாயிற்றுக்கிழமை. பதிவுக்காரர் வந்தார், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சாப்பாடு. மண்டபத்தில் ஒரு பக்கம் எங்கள் ஆட்கள் ரோல்ஸும் கையுமாக, மறுபக்கம் ஹிந்திச் சங்கத்தார் பொன்னாடையும் கையுமாக. திவாரி அய்யா அந்தக் கண்ணாடிப் படத்தைத் துணியை அவிழ்த்து மேசையில் நிறுத்தினார். தாதாஜியின் முத்திரைக்குப் பக்கத்தில், கண்ணாடியின் மேல், மாமாவின் முத்திரை ஒட்டியிருந்தது. அது எப்படி அங்கே வந்ததென்று எனக்குத் தெரியாது. திவாரி அய்யாவோ அதைப் பார்த்தும் பாராதவர்போல நின்றார்.

மாமா ஒலிவாங்கிக்கு முன் போனார். கோட்டு அவருடையது, கழுத்துப்பட்டி என்னுடையது. அவருடைய முதல் சொற்கள் "சுனோ. பைட்டோ." கேள், உட்கார் என்று அர்த்தம். மரியாதைப் பன்மை எல்லாம் கிடையாது, தள்ளுவண்டிப் பொடியனை அதட்டும் அதே தொனி. பிரெஞ்சுக்காரப் பதிவாளர் உட்பட மண்டபமே அப்படியே உட்கார்ந்தது.

"மே லேகக் நஹீ. மே ட்ரே."

நான் எழுத்தாளன் இல்லை. நான் தட்டு. தட்டு ஏற்றுபவன் என்று சொல்ல நினைத்தார், அந்த இடத்துக்குரிய சொல் வரவில்லை. சிலர் சிரித்தார்கள். மச்சாள் நிகிலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். மாமா நிற்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஹிந்தியில், தூக்கு வை தள்ளு என்று, மேலாளர் தாள் ஒட்டியது, பாரைமீன் குழம்பு, சாப்பாட்டறைக்குள் இருந்தது, விமானம் நின்றது எல்லாவற்றையும் சொன்னார். மீனுக்கு ஹிந்திச் சொல் மறந்துபோய், கையால் நீந்திக் காட்டினார். சிறை இல்லை, சாப்பாட்டறை என்றார். அது சுதந்திரமா என்று தனக்குத் தெரியாது, குழம்பு சூடாயிற்று என்றார். எங்கள் ஊரில் கதை என்றால் இப்படிக் கதைப்பதுதான், மனைவி சொன்னது அதைத்தான், பிழை தன்னுடையது, விளங்காமல் தலையாட்டியது தான்தான், பிள்ளைக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று, இதை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார், ஒரு எழுத்தும் தடக்காமல் சொன்னார்.

பிறகு நேரே திவாரி அம்மாவைப் பார்த்து, "டீக் ஹை?" என்று கேட்டார். சரியா என்று.

மண்டபம் அந்த அம்மாவைப் பார்த்தது. அவர் மெல்ல எழும்பினார்.

"ஓம்," என்றார்.

சிரித்துக்கொண்டே வந்து பொன்னாடையைப் போர்த்தினார், வாங்கியது வாங்கியதுதானே. திவாரி அய்யா ஒலிவாங்கியை வாங்கி, தாதாஜியும் முதல் தரம் உள்ளே போனது கதை எழுதி அல்ல, யாரோ நடத்திய கூட்டத்துக்குக் கதிரை தூக்கப் போய்ப் பிடிபட்டதால்தான், எழுதத் தொடங்கியதே உள்ளே பொழுது போகாமல்தான் என்றார். தாட்சாயினி அன்ரி அதை எங்கள் பக்கத்துக்குத் தமிழில் சொல்லிவிட்டு, 'கதை' என்ற சொல் வந்த இடத்தில் நின்று, இரண்டு தரம் விளக்கம் கேட்டுக்கொண்டார். மச்சாள் அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். மாமா அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே வேலைக்குப் போகப் பார்த்தார். நான்தான் பறித்து வைத்தேன்.

இவ்வளவுதான் வாழ்க்கைக் குறிப்பு. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு இணைய இணைப்பு இருக்கிறது. நிற்பாட்டத் தொலைபேசி எடுத்த மாமா மூன்றாவதுக்கும் ஓம் சொல்லப் பார்த்தார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமா வாசிக்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். குசினி மேசையில் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, கடைசி வரைக்கும் வாசித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்து நான் கதவுப் பக்கம்தான் நின்றேன். கோபம் வரவில்லை. தாளை மடித்து வைத்தார்.

"எல்லாம் சரி. ஒரு இடத்திலை மட்டும் ஓட்டை."

அப்படி எதுவும் இல்லை என்றேன்.

"சந்தைக்கும் எங்கடை வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? விடிய வெளிக்கிட்ட பொடியன் பொழுதுபட வாறான், சப்பாத்து முழுக்கச் சேறு. சித்திரை மாசத்திலை அந்தச் சந்தையிலை கத்தரிக்காய் இல்லையாம்."

தாமதம் என்றுதான் எழுதியிருக்கிறேனே என்றேன்.

"அந்தப் படம் துணி சுத்தி அவையின்ரை வீட்டிலையிருந்து நேரை வந்தது. என்ரை மூஞ்சை அதிலை எங்கை வைச்சு ஒட்டினது?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி அடுப்பைப் பார்த்தார்.

"அதையும் விடு. முதல் நாள் நான் ஓம் எண்ட நேரமெல்லாம் அந்த மனிசி கண்ணை மூடிக் கும்பிட்டது. எழுத்தண்டைக்குக் கும்பிடேல்லை. என்னைப் பாத்து, எங்கடை ஆக்கள் மாதிரியே ஓம் எண்டுது. எங்கடை ஓம் எண்டால் என்னெண்டு ஆரோ முதலே போய்ச் சொல்லியிருக்கோணும். தாட்சாயினிக்கே அது தெரியாது." மாமா கண்ணாடியைக் கழற்றினார். "ஃபோன் எடுக்கக் கூடாதெண்டு நான் சொன்னன் எண்டதுக்காக, அவ்வளவு தூரம் பஸ்ஸிலை அவையின்ரை வீட்டுக்கு நேரை போனனியோ தனோ?"

நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஓம்."